வீட்டுல இல்லை

ஜூன் 3, திங்கள்

மீட்டர் 18240. காலை ஆறரை.

இந்த ஒரு வரி போதும் என்பது அவர் உத்தரவு. தினமும் காலை ஆறரைக்குக் கரன்ட் மீட்டரைப் பார்த்து இந்த நோட்டில் குறிக்க வேண்டும். நூறு பக்கம், பக்கத்துக்கு இருபது வரி. நாளுக்கு ஒரு வரி என்றால் ஐந்தரை வருஷம் வரும். அத்தனை பொறுமை எனக்குக் கிடையாது. மிச்ச இடத்தில் எனக்குத் தோன்றியதை எழுதப்போகிறேன். அவர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வர இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

எல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற கறுப்புப் பெட்டிக்காக. சர்வர் என்பார் அவர். எனக்கு அது பெட்டி. எங்கள் மகள் யாழினி பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ, வீடியோ, அவர் சேர்த்த சினிமா, கம்பெனி வரைபடம் எல்லாம் அதற்குள். இரண்டு வருஷமாக இரவும் பகலும் ஓடிக் கரன்ட் குடித்தது. போன மாதம் லீவில் வந்தவர், யாழினியை ராசிபுரத்து விடுதிப் பள்ளியில் விட்டு வந்த ஒரு நாள் தவிர, மீதி லீவு முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குத் தானாகத் தூங்கக் கற்றுக்கொடுத்தாராம். இரவில் கடிகாரம் பார்த்துத் தூங்கும். பகலில் டிவியும் என் போனும் இருபது நிமிஷம் அதைச் சீண்டாமல் இருந்தால் தூங்கும். சீண்டினால் எழும். பகலில் தூங்கியதையும் எழுந்ததையும் எங்கள் இருவர் போனுக்கும் செய்தியாக அனுப்பும்.

குழந்தை மாதிரி என்று பெருமையாகச் சொன்னார். யாழினி குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் தூங்க வைத்ததில்லை இந்த மனிதர்.

ஜூன் 5, புதன்

மீட்டர் 18251.

இன்றைக்கு வேலைக்குப் போனேன்.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. தாராபுரம் சாலையில் துளசிமணி அக்காவின் எடை மேடை. லாரி லோடோடு ஏறும், எடை போட வேண்டும். லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும், மறுபடி போட வேண்டும். கழித்தால் சரக்கு எடை. சீட்டை அச்சடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். பி.எஸ்சி. கணக்கு படித்தவளுக்கு ஒரு கழித்தல் கணக்கு கிடைக்கப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. பத்தரையிலிருந்து இரண்டரை வரை. இந்த மாதம் வெள்ளோட்டம். சரிப்பட்டால் ஜூலை ஒன்றிலிருந்து காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, நிரந்தரம், அறைச் சாவியும் என்னிடம்.

அவரிடம் சொல்லவில்லை. லீவில் வந்தபோது மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்.

"லாரிக்காரன் மத்தியில உக்காந்து சீட்டுக் கிழிக்கறதுக்கா உன்னையக் கட்டிட்டு வந்தேன்?"

எதற்குக் கட்டிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீட்டர் பார்க்க என்று சொல்லியிருப்பார்.

ஜூன் 6, வியாழன்

மீட்டர் 18256.

நேற்று முதல் செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

பெட்டி தூங்கியது: 10.31. டிவி இல்லை. வீட்டுல இல்லை.
பெட்டி விழித்தது: 2.52. காரணம்: வீட்டுல.

பார்த்ததும் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பிறகு நிதானமாகப் படித்தேன். டிவி ஓடவில்லை, வீட்டில் ஒரு பயன்பாடும் இல்லை, தூங்கினேன் என்கிறது. மதியம் வீட்டுக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள், எழுந்தேன் என்கிறது. அவ்வளவுதான். ஒரு மனுஷி படுத்துத் தூங்கினாலும் டிவி ஓடாது, போனைத் தொடமாட்டாள். பெட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கூப்பிட்டார். போன் செய்தவர் அவர், "சொல்லு" என்பவரும் அவர். இத்தனை வருஷத்தில் என் பேரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கியதில்லை. பெட்டி நல்லாத் தூங்குதாட்ட இருக்குதே என்றார். ஆமாங்க என்றேன். பகலில் என்ன செய்தாய் என்று கேட்டார். தலைவலி, மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தேன் என்றேன்.

பொய் இத்தனை சுலபம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஜூன் 10, திங்கள்

மீட்டர் 18277. முதுகு வலி.

ஜூன் 12, புதன்

மீட்டர் 18286.

தினமும் ஏழு மணிக்கு விசாரணை. டிவியின் சிவப்பு விளக்கு எரிகிறதா, அதை சுவிட்சில் நிறுத்து. மோட்டாரை நிமிஷம் பார்த்துப் போடு. பிரிட்ஜ் கதவை எத்தனை தடவை திறக்கிறாய்? எனக்குப் பசிக்கிற தடவை என்றேன். பிறகு பெட்டி புராணம். நாலு மணி நேரம் சாய்ந்துவிடுகிறதாம், அங்கே அறையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அதை கிராஃப் போட்டுக் காட்டினாராம்.

வேலை இல்லாத பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். பெட்டி குடிப்பது தொண்ணூறு வாட். நாலு மணி நேரம் தூங்கினால் மிச்சமாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதற்கு ஒரு மாத லீவு, ஒரு நோட்டு, தினம் ஒரு விசாரணை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதையும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதவை சேர்ந்துகொண்டே போகின்றன.

ஜூன் 16, ஞாயிறு

மீட்டர் 18305.

இன்று வேடிக்கை. எடை மேடைக்கு விடுமுறை. உண்மையாகவே தூங்கினேன். பதினொன்றரைக்குப் படுத்தவள் இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். டிவியை சுவிட்சிலேயே நிறுத்தியிருந்தேன், போன் தலைமாட்டில் கிடந்தது, தொடவே இல்லை. ஆனால் பெட்டி தூங்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் உறுமிக்கொண்டே இருந்தது. செய்தியும் வரவில்லை. ஒரு மாத லீவைத் தின்று எழுதிய நிரல் பன்னிரண்டாம் நாளே பழுது.

ஏழு மணிக்கு அவர், "இன்னைக்குத் தூங்கலையாட்ட?" என்றார்.

"நல்லாத் தூங்குனனுங்க. உங்க பெட்டிதான் தூங்கல."

ஓ என்றார். அவருடைய நிரலைக் குறை சொன்னால் அப்படித்தான், முகம் சுண்டிவிடும். எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 19, புதன்

மீட்டர் 18319.

கொப்பரை லோடு ஒன்று. காலையில் லோடோடு எடை போட்டேன். இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்தபோது கம்ப்யூட்டர் 6,210 கிலோ காட்டியது. அதே வண்டி போன வாரம் வெறுமனே 6,840. எனக்கு எண்கள் மறக்காது. வெளியே போய்ப் பார்த்தேன். பின் சக்கரம் ஒன்று மேடையை விட்டு சிமென்ட் ஓரத்தில் நின்றிருந்தது. வெறும் வண்டி எடை குறைந்தால் சரக்கு எடை கூடும், மில்லுக்காரன் தலையில் அறுநூறு கிலோ. டிரைவரை வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னேன். தெரியாமல் நின்றுவிட்டது என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

துளசிமணி அக்கா சாயங்காலம் போனில் சொன்னார். "கோகிலவாணி, ஒண்ணாந்தேதி சாவியை வாங்கிக்கோ. யோசிக்கறதுன்னா இருவத்தெட்டுக்குள்ள சொல்லிரு, எனக்கு வேற ஆளு பாக்கோணும்."

முழுப் பேரையும் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதையும் இத்தனை ஆசையாகக் கேட்டதாக நினைவில்லை.

ஜூன் 22, சனி

மீட்டர் 18333.

அவர் பேச்சே சரியில்லை. தினமும் நாலு மணி நேரம் தூங்குகிறாயே, ரத்தம் குறைவோ என்னவோ, டாக்டரிடம் காட்டு என்றார். சரிங்க என்றேன். எந்த டாக்டர், எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் போவாய் என்றார். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் இத்தனை அக்கறை ஆபத்து.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினேழு நாள் ஆகிவிட்டது. நான் ரொம்பக் கெட்டிக்காரி.

ஜூன் 25, செவ்வாய்

மீட்டர் 18347.

நாமக்கல் லாரி ஒன்று. டிரைவர் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் போனை என் மேஜைமேல் வைத்தார். அது அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் தமிழில் வந்தது.

வீட்டுல.

"எங்கூட்ல கூப்புடுதுங்க, ஒரு நிமிசம்" என்று எடுத்தார். "சொல்லு செல்வி" என்று பேசிக்கொண்டே வெளியே போனார்.

பேனா என் கையிலேயே நின்றது. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் பெண்டாட்டியை வெளியில் பேரிட்டுச் சொல்லமாட்டார்கள். பேசினால் எங்கூட்ல, எழுதினால் வீட்டுல. பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் அப்பா சொன்னார், என் அண்ணன் சொல்கிறான். ஆனாலும் அந்த டிரைவர் போன் அடிக்கும் வரை எனக்கு உறைக்கவில்லை.

என் போனை எடுத்துச் செய்திகளைத் திருப்பிப் படித்தேன். டிவி இல்லை. வீட்டுல இல்லை. டிவிக்குப் பேர் டிவி. எனக்குப் பேர் வீட்டுல. பெட்டியின் பட்டியலில் நாங்கள் இரண்டு சாமான்கள். போன் சும்மா தலைமாட்டில் கிடந்தாலும் பெட்டிக்கு அது இருக்கிறது என்று தெரிகிறது, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தூங்கவில்லை. நான் வாசலைத் தாண்டினால் மட்டும் தூங்குகிறது. தூங்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சொல்கிறது, உன் பெண்டாட்டி வீட்டில் இல்லை என்று. முதல் நாளிலிருந்தே.

பெட்டி நல்லாத் தூங்குதாட்ட இருக்குதே என்றாரே, அது பெருமை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவருக்கே பரிமாறியும் இருக்கிறேன். அவர் நல்லா இருக்குது, இன்னும் போடு என்று உட்கார்ந்திருக்கிறார்.

அவமானமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. சாயங்காலம் போனை எடுக்கவில்லை.

ஜூன் 26, புதன்

மீட்டர் 18352.

இன்று எடுத்தேன். சொல்லு என்றார். நான்தான் சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எடை மேடைக்குப் போகிறேன், அஞ்சாம் தேதியிலிருந்து போகிறேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தெரியும் என்றார். மூன்றாம் நாளே வெள்ளக்கோவிலில் இருக்கிற தன் அக்காவிடம் சொல்லி ஆள் விட்டு எந்த இடம் என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டாராம்.

"அப்பவே கேட்டிருக்கலாமல்லங்க?"

"எதுக்குக் கேக்கோணும்? இன்னும் எத்தனை பொய் சொல்லுவீன்னு பாத்துட்டிருந்தேன்."

தலைவலி ஆறு, முதுகு வலி மூன்று, வெறும் தூக்கம் ஏழு, டாக்டர் ஒன்று என்று அடுக்கினார். எழுதி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. எனக்கு மீட்டர் நோட்டு கொடுத்தவர், தானும் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். மஸ்கட்டில் பதினான்கு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து ஒரு மனிதர் ஆசையாகச் செய்கிற வேலையா இது?

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். சரி, நாளையிலிருந்து போகாதே என்றார். அத்தோடு அவர் வரையில் முடிந்தது.

"ஒண்ணாந்தேதியிலிருந்து நாள் முழுக்கப் போறனுங்க. இனி மறைக்கமாட்டனுங்க. இன்னொண்ணு, பெட்டியில எம் பேரை மாத்திருங்க."

"எந்தப் பேரை?"

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. வீட்டுல என்பது பேர் இல்லை, எனக்கு ஒரு பேர் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றேன். பைத்தியமா என்றார். பிறகு குரல் இறங்கியது.

"நீ போறதுன்னா போ. இனி நான் கூப்புடமாட்டேன். நீயும் கூப்புடாத. ஊருக்கு வந்து பேசிக்கறேன்."

துண்டித்துவிட்டார். துளசிமணி அக்காவுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். இருபத்தெட்டு வரை காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது.

ஜூன் 29, சனி

மீட்டர் 18366.

நான்கு மணிக்கு நங்கையா வந்தார். அவருடைய அக்கா, வெள்ளக்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். தம்பி அங்கே வெந்துகொண்டிருக்கிறானாம், எனக்கு இங்கே லாரி கேட்கிறதாம். ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்றார். எந்த நாலு பேர் என்று கேட்டேன். ஒருவர் பேரும் வரவில்லை. ஆள் விட்டுப் பார்த்தீர்களே, அந்த ஆள் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

நங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணாடி ரூமுக்குள்ள தனியா உக்காந்திருக்கறா, வர்ற டிரைவர் எல்லாம் அக்கான்னு கூப்புடறான்னு சொன்னான்."

"அப்பறம் என்னங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் வேண்டாங்கறான். அவன் சொன்னா நீ கேக்கோணும்."

காப்பி கொடுத்தேன், குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்றார், போட்டேன். போகும்போது யாழினிக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில் இதையெல்லாம் விசாரிப்பார்கள் என்றார். அது தைத்தது. யாழினிக்குப் பதினாறு வயதுகூட முடியவில்லை. அவளையும் எவனாவது ஒருவன் தன் போனில் வீட்டுல என்று எழுதி வைப்பான் என்று நினைத்ததும், தைத்த இடம் மரத்துப்போனது.

ஜூலை 1, திங்கள்

மீட்டர் 18375.

சாவி வாங்கிக்கொண்டேன். எட்டரைக்குக் கிளம்பினேன். போன் என் பையில் இருந்தது, ஒளிக்கவில்லை.

பெட்டி தூங்கியது: 8.57. டிவி இல்லை. வீட்டுல இல்லை.

ஜூலை 3, புதன்

மீட்டர் 18382. அவர் கூப்பிடவில்லை. நிம்மதி.

ஜூலை 4, வியாழன்

மீட்டர் 18386.

நாள் யூனிட் ஐந்திலிருந்து நாலுக்குக் கீழே வந்துவிட்டது. நான் வீட்டில் இல்லாததால் பேன் ஓடுவதில்லை, டிவி ஓடுவதில்லை, பிரிட்ஜ் திறப்பதில்லை, பெட்டி ஒன்பது மணி நேரம் தூங்குகிறது. இரண்டு வருஷமாக அவர் பட்ட பாட்டுக்கு நான் வேலைக்குப் போனதுதான் மருந்து. சொன்னால் சந்தோஷப்படுவார். சொல்ல ஆள் இல்லை.

ஏழு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன் சத்தம் கேட்கட்டும் என்பதற்காக இல்லை. கரன்ட் மிச்சம்.

ஜூலை 6, சனி

மீட்டர் 18393. கூப்பிடவில்லை. யாழினியிடம் விடுதிப் போனில் பேசினாராம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லையா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. எடை மேடையைப் பற்றிச் சொன்னேன். சாவி உன்னிடமா இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டாள்.

ஜூலை 8, திங்கள்

மீட்டர் 18400.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, முதல் லாரி மேடையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது.

பெட்டி தூங்கியது: 8.58. டிவி இல்லை. கோகிலவாணி இல்லை.

சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதுவார்கள். கோபத்தில் போட்டாரா, நான் கேட்டதற்காகப் போட்டாரா, இனி எனக்கு நீ இல்லை என்று சொல்கிறாரா, தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் உட்கார்ந்து, பட்டியலைத் திறந்து, என் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பக்கத்திலிருந்து என் பேரை முழுதாக எழுதியது இதுதான். ஒரு பிழைகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை.

லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன். கூப்பிடாதே என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார், எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் செய்தியை எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்.

சரியா இருக்குதுங்க.